எங்களுக்கு ஒரு தெருவைக் கொடுங்கள்

சென்னை மாநகராட்சி மேயர், ஆணையர், 200 வார்டு கவுன்சிலர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனின் மூன்றாம் மாடியில், இன்னும் இரண்டு பேரோடு அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம், ஓட்டும் அங்கேதான். ஆனால் வருஷத்தில் பத்து மாதம் நான் குடிக்கிற தண்ணீரும் நடக்கிற தெருவும் போடுகிற குப்பையும் இந்த ஊரைச் சேர்ந்தவை. என்னைப் போல வெளியூரிலிருந்து வந்து மேன்ஷனிலும் ஹாஸ்டலிலும் இருக்கிறவர்களை இந்த நகரம் வந்து போகிறவர்களாகவே பார்க்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, கரன்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. அன்றைக்கு எங்களுக்கு உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. என் அறைத்தோழன் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு டியூஷன் எடுப்பான், அந்தப் பழக்கத்தில் வீடு வீடாகத் தெரியும். எந்த வீட்டு மாடியில் தனியாக ஒரு பாட்டி இருக்கிறார், யாருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், எந்த வீட்டில் கைக்குழந்தை என்று பென்சிலில் கதவு எண்ணோடு எழுதி வைத்திருந்தான். எதற்கு எழுதினான் என்று கேட்டால் அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது, சும்மா எழுதினேன் என்பான். அந்த நோட்டை பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பால் பாக்கெட், மெழுகுவத்தி, மாத்திரை என்று இரண்டு நாள் ஏறி இறங்கினோம். கதவைத் திறந்த அந்தப் பாட்டி, "யாருப்பா, டியூஷன் தம்பியா?" என்றார். முன்பின் தெரியாத ஆள் போயிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது.

2015 வெள்ளத்திலும் இந்த ஊர் மாணவர்கள் படகிலும் லாரியிலும் நின்றார்கள். வெள்ளம் வந்தால் எங்களைத் தேடுகிறீர்கள், நாங்களும் ஓடி வருகிறோம். வடிந்த பிறகு அந்தத் தொடர்பு அப்படியே அறுந்துவிடுகிறது. அப்புறம் அடுத்த அழைப்பு ஏதாவது ஒரு விழிப்புணர்வுப் பேரணிக்குத்தான் வரும். முதல் வருஷம் நானும் ஒன்றுக்குப் போனேன். தொப்பி, பதாகை, கடற்கரைச் சாலையில் அரை கிலோமீட்டர் நடை, ஒரு போட்டோ, ஒரு சான்றிதழ். எந்தத் தெருவிலிருந்து வருகிறாய், அங்கே என்ன பிரச்சினை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். முகாம் பெரும்பாலும் செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கக் கிராமங்களில் நடக்கும். கிராமத்துக்குப் போவது நல்லதுதான், நானும் போய் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் கல்லூரிக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியிருக்கிற தெருவுக்கு அந்த 240 மணி நேரத்தில் ஒரு பங்காவது வர வேண்டாமா?

அதனால் கேட்கிறேன். கல்லூரிக்கு ஒரு நாள் நிகழ்ச்சி வேண்டாம், அருகிலுள்ள சில தெருக்களை வருஷம் முழுக்கக் கொடுங்கள். அந்த வார்டின் உதவிப் பொறியாளரையும் சுகாதார ஆய்வாளரையும் எங்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். மழைநீர் வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே சேர்கிறது என்ற வரைபடத்தைக் காட்டுங்கள். ஐப்பசிக்கு முன்னால் எந்த வடிகால் வாயில் மண் அடைத்திருக்கிறது என்று நாங்கள் நடந்து பார்த்துச் சொல்வோம். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: தூர் வாருவதும் குப்பை அள்ளுவதும் சம்பளம் வாங்கிச் செய்ய வேண்டிய வேலை. தூய்மைப் பணியாளர் அக்காக்களின் இடத்தில் எங்களை இலவசமாக நிறுத்தக் கூடாது, அதற்கு நாங்களும் சம்மதிக்கக் கூடாது.

எங்களிடம் வேறு விஷயம் இருக்கிறது. என் வகுப்புத் தோழிகள் நூலகத்திலிருந்து இரவு எட்டரைக்குத் திரும்பும்போது ஒரு சந்து வழியைத் தவிர்த்துவிட்டு பத்து நிமிடம் சுற்றி நடக்கிறார்கள். அந்தச் சந்தில் இரண்டு விளக்கு எரியாது, மூன்றாவது எரிந்தாலும் மரக்கிளை மறைக்கும். விளக்கு எரியவில்லை என்று மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் செய்து சொல்லலாம். தினமும் எத்தனை பெண்கள் அதற்காகச் சுற்றிப் போகிறார்கள் என்பதை எங்கே போய்ச் சொல்வது?

அதற்கு ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள், அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடித் தங்கள் பிரச்சினைகளைப் பேசும் கூட்டங்கள் தொடங்கின, சென்னையை ஒட்டிய பம்மலில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். அந்தக் கூட்டங்களுக்கு எங்களையும் கூப்பிடுங்கள். ஓட்டு ஊரில் இருப்பதால் முடிவெடுக்கும் உரிமை வேண்டாம், பேச ஐந்து நிமிடம் போதும்.

எங்கள் மேல் உங்களுக்கும் தெருக்காரர்களுக்கும் கோபம் இருக்கும், தெரியும். பஸ் டே என்ற பெயரில் பஸ் கூரையில் ஏறி ஆடியதை இந்த ஊர் மறக்கவில்லை, மறக்கச் சொல்லவும் முடியாது. மேன்ஷன் மாடியிலிருந்து நடுராத்திரியில் சத்தம் வருவதும் உண்மை. அதையும் அந்தக் கூட்டத்திலேயே எங்கள் முகத்துக்கு நேரே கேளுங்கள், பதில் சொல்கிறோம். பேச்சிலர் என்றாலே கதவைச் சாத்துகிற வீட்டுக்காரரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேச வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று வருஷத்தில் படிப்பு முடிந்து போய்விடுவீர்களே என்பீர்கள். நியாயமான கேள்விதான். என் அறைத்தோழன் போன மே மாதம் படிப்பை முடித்து கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான். போகும் முன் அந்த நோட்டை முதல் வருஷப் பையன் ஒருவனிடம் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனை வீடு வீடாகக் கூட்டிப் போய் அறிமுகப்படுத்தினான். அந்தப் பையன் இப்போது இரண்டாவது நோட்டு வாங்கியிருக்கிறான். எங்கள் பகுதியில் அடுத்த கூட்டம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே என்று சொல்லுங்கள். அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.