அரிசிக் கேள்வி

கண்ணு,

நீ அனுப்புன ஆராய்ச்சி ப்ரபோசலைப் படிச்சேன். போன்ல சொன்னா "சரிப்பா சரிப்பா"ன்னு வெச்சிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், நிதானமா படி.

எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல் பக்கத்துல போட்டிருக்கயே, "தமிழ்நாட்டு மக்களின் உணவுப் பழக்கம் சர்க்கரை நோயை எவ்வாறு பாதிக்கிறது"ன்னு, இதுல நீ தோக்குறதுக்கு வழியே இல்ல. நிறைய பாதிக்குதுன்னு வந்தாலும் எழுதலாம், கொஞ்சமா பாதிக்குதுன்னு வந்தாலும் எழுதலாம், பைண்ட் பண்ணி குடுத்துட்டு வந்துரலாம். எந்த ரிசல்ட் வந்தா "நான் நினைச்சது தப்பு"ன்னு ஒத்துக்குவேன்னு இப்பவே சொல்லு பாக்கலாம். சொல்ல முடியலல்ல? அப்ப அதுல டெஸ்ட் பண்ண ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம்.

நீ அரிசியைத் தொடப் போறதால அரிசியிலயே நடந்த ஒண்ணைச் சொல்றேன். பெரிபெரி உனக்குத் தெரியும், கால் மரத்துப் போயி, உடம்பு வீங்கி, கடைசியில இதயமே நின்னு போற நோய். டச்சுக்காரங்க ஜாவாவுல இருந்தப்ப பட்டாளத்துலயும் ஜெயில்லயும் இதுல கொத்துக் கொத்தா செத்திருக்காங்க. 1886ல ஹாலந்துல இருந்து ஒரு டீமை அனுப்புறாங்க, அதுல வந்து பத்தேவியாவுலயே (இப்ப ஜகார்த்தா) லேப்ல தங்கிட்ட டாக்டர்தான் எய்க்மான். நோய்க்குக் காரணம் கிருமின்னு காட்டுன பாஸ்டர், காக் காலம் அது, எந்த நோயா இருந்தாலும் கிருமின்னுதான் தேடுவாங்க. இவரும் "எந்தக் கிருமி?"ன்னுதான் ஆரம்பிச்சார். பாத்தியா, பாதிப் பதில் கேள்விக்குள்ளயே உக்காந்திருக்கு. உன்னோட "எவ்வாறு பாதிக்கிறது"ங்கறதும் அதே ரகம்தான், பாதிக்குதான்னு முதல்ல யாரு கேட்டா?

நோயாளி ரத்தத்தைக் கோழிக்கு ஊசி போட்டுப் பாக்கறார். கோழி கால் தள்ளாடி விழுது, ஆகா கிடைச்சிருச்சுன்னு நினைக்கறதுக்குள்ள ஊசியே போடாத கோழியும் அதே மாதிரி விழுது. அப்புறம் கொஞ்ச நாள்ல எல்லாக் கோழியும் தானா எந்திரிச்சு நடக்குது. நானா இருந்தா தலையில கைய வெச்சிருப்பேன். அவர் தீனியைப் போயி விசாரிச்சார். நடுவுல சில மாசம் மிலிட்டரி ஆஸ்பத்திரி சமையல்கட்டுல மிஞ்சுன வெள்ளைச் சோத்தை லேப் ஆளு கோழிக்குப் போட்டிருக்கான், புதுசா வந்த சமையல்காரன் பட்டாளத்து அரிசியை சிவிலியன் கோழிக்குத் தர முடியாதுன்னு நிறுத்திட்டான், கோழி பொழைச்சுக்கிச்சு. 1889ல நடந்தது. கேள்வி அங்கதான் திரும்புது: தீட்டுன அரிசி போட்டா விழுதா, தவிடு நீக்காத அரிசி போட்டா எந்திரிக்குதா? இதுக்கு ஆமா இல்லைன்னு கோழியே பதில் சொல்லிரும்.

ஆனா கோழி வேற மனுசன் வேறல்ல. ஃபோர்டர்மான்னு ஜாவாவுல ஒரு ஹெல்த் இன்ஸ்பெக்டர், எய்க்மான் சொல்லி அந்தத் தீவுல இருந்த 101 ஜெயிலைக் கணக்கெடுக்கறார், கைதிங்க மட்டும் கிட்டத்தட்ட 2,80,000 பேர். எந்த ஜெயில்ல எந்த அரிசிங்கறது அந்தந்த ஊர் வழக்கம், இவர் மாத்தல. தீட்டுன அரிசி போட்ட ஜெயில்கள்ல 39 பேருக்கு ஒருத்தருக்கு பெரிபெரி, தீட்டாத அரிசி ஜெயில்கள்ல 10,000 பேருக்கு ஒருத்தர். எனக்குப் பிடிச்சது இந்த நம்பர்கூட இல்ல. கட்டடம் பழசா, தரை எப்படி, காத்து வருதா, நெரிசலான்னு எல்லாத்தையும் சேத்துக் குறிச்சு வெச்சார், "அது அரிசியில்லங்க, ஈரத் தரைதான்"னு நாளைக்கு எவனாவது சொல்லுவான்னு தெரிஞ்சே. அதெல்லாம் பாத்தும் அரிசி ஒண்ணுதான் நின்னுச்சு. எய்க்மான் அரிசியில ஏதோ விஷம், தவிட்டுல அதுக்கு முறிவு இருக்குன்னு நினைச்சார், அது தப்பு. 1901ல, அவருக்கு அப்புறம் அதே வேலையைத் தொடர்ந்த கிரைன்ஸ்தான் சாப்பாட்டுல ஏதோ ஒண்ணு இல்லாததாலதான்னு சொன்னார். விளக்கம் தப்பாப் போனாலும் கணக்கு செல்லும், கேள்வி சரியா இருந்ததால. எய்க்மானுக்கு 1929ல நோபலும் குடுத்தாங்க.

இப்ப நம்ம பக்கம் வா. மலாயாவுல சீனக் கூலிங்களுக்கு பெரிபெரி, தோட்டத்துல இருந்த நம்மாளுங்களுக்கு ரொம்பக் கம்மி. சீனங்க சாப்பிட்டது சயாம் (இப்ப தாய்லாந்து) பச்சரிசி, நம்மாளு புழுங்கலரிசி. சின்ன வயசுல பெரியப்பா மில்லுல பாத்திருப்பயே, நெல்லைத் தொட்டியில ஊற வெச்சு, ஆவி விட்டு, களத்துல கொட்டி காலால கிளறிக் கிளறிக் காய வெப்பாங்க, அந்த ஊறல் நாத்தம் தெருமுனை வரைக்கும் வரும், நீ மூக்கைப் பொத்திட்டு ஓடுவ. அப்படி ஊறி அவியறப்ப தவிட்டுல இருக்கற தயமின் (வைட்டமின் பி1, கிரைன்ஸ் சொன்ன அந்த "ஏதோ ஒண்ணு" இதுதான்) கொஞ்சம் அரிசிக்குள்ள இறங்கிருது, அப்புறம் பாலிஷ் போட்டாலும் முழுசாப் போறதில்ல. ஆனா அன்னிக்கு இது யாருக்கும் தெரியாது, சீனன் வேற தமிழன் வேற, வீடு வேற, வேலை வேற, எதுன்னு சொல்றது? ஃப்ளெட்சர்னு ஒரு டாக்டர் 1905ல கோலாலம்பூர் மனநல ஆஸ்பத்திரியில நோயாளிகளை வரிசையா நிக்க வெச்சு நம்பர் சொல்லச் சொல்லி, ஒத்தைப்படைக்கு ஒரு அரிசி, ரெட்டைப்படைக்கு இன்னொரு அரிசின்னு பிரிச்சுட்டார். பச்சரிசி சாப்பிட்ட 120 பேர்ல 18 பேர் பெரிபெரியில செத்தாங்க, புழுங்கல் பக்கம் ஒருத்தர்கூட சாகல. (அந்த ஜனங்களை யாரும் சம்மதம் கேக்கல. இன்னிக்கு உங்க எத்திக்ஸ் கமிட்டி இதைக் கிட்டயே சேக்காது, சேக்கவும் கூடாது.)

உன் ரெண்டாவது பக்கத்துல ஓரமா பென்சில்ல எழுதியிருக்கயே, "புழுங்கல் சாப்பிடறவங்களுக்கு சுகர் கம்மியா?"ன்னு, அதைப் பாத்ததும்தான் எனக்கு உசுரு வந்துச்சு. அதை அடிச்சிராத. ஆனா அப்படியே விட்டாலும் மாட்டிக்குவ. நம்ம ஊர்ல தினமும் பச்சரிசி திங்கற வீடு எத்தனை, அது எந்த வீடு? சாதி, வசதி, செய்யற வேலை எல்லாம் அரிசியோட ஒட்டிட்டு வரும், கடைசியில நீ அளந்தது அரிசியையா வசதியையான்னே தெரியாது. சுகர் வர்றதுக்கு வருசக்கணக்கு ஆகும் வேற, உனக்கு இருக்கறது ஒரே வருசம்.

அதனால ஒரே ஆளுக்கு ரெண்டு அரிசியும் குடு. ஒரு நாள் புழுங்கல், ஒரு வாரம் விட்டு பச்சை, பாதிப் பேருக்கு வரிசையை மாத்திக் குடு, அதையும் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு பண்ணணும். ரெண்டுலயும் மாவுச்சத்து ஒரே அளவு, அதே குழம்பு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்த சர்க்கரை. எவ்வளவு வித்தியாசம் வந்தா வித்தியாசம்னு ஏத்துக்குவேங்கறதை முதல் ஊசி குத்தறதுக்கு முன்னாடியே எழுதி கைடு கையெழுத்து வாங்கிரு, அப்புறம் மாத்தக் கூடாது. இப்படிப் பண்ணா "அரிசி சுகரைக் கொண்டு வருதா"ங்கறதுக்கு பதில் கிடைக்காது, சாப்பிட்டதும் எவ்வளவு ஏறுதுங்கறதுக்கு மட்டும்தான் கிடைக்கும். சின்னதா இருக்கேன்னு உனக்குத் தோணும். தோணட்டும்.

ஒண்ணு மட்டும் கடையில வாங்காத. கடைப் பச்சரிசி ஒரு ரகம், புழுங்கல் இன்னொரு ரகம், பாலிஷும் வேற வேற. பெரியப்பாகிட்ட பேசிட்டேன், ஒரே வயல் பொன்னி நெல்லை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதியை அவிச்சும் ஒரு பாதியை அவிக்காமலும் ஒரே அளவு பாலிஷ்ல அரைச்சுத் தர்றேங்கறார். தை அறுவடைக்கு நெல்லு வரும். எத்தனை பேரு, ஆளுக்கு எத்தனை கிராம்னு கணக்குப் போட்டு பொங்கலுக்கு முன்னாடி சொல்லு, மூட்டைக் கணக்கு அவருக்குச் சொல்லணும்.

அப்பா

அம்மா கேக்கச் சொன்னா, அந்தப் பருப்புப் பொடி தீந்துருச்சான்னு.