வயர்லெஸ் செட்டின் வயது சீரியல் நம்பரில் இருக்கிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பேட்டரி கேட்டோ, ஸ்பேர் போர்டு கேட்டோ, கைமாறி வந்த ஒரு வாக்கி டாக்கிக்கு விலை கேட்டோ எங்களுக்கு எழுதுகிறவர்களிடம் முதலில் நாங்கள் கேட்பது மாடல் பெயரும் சீரியல் நம்பரும்தான். மாடல் பெயரை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். சீரியல் நம்பர் எதற்கு என்றுதான் கேள்வி வருகிறது. ஒரே மாடல் பத்து, பதினைந்து வருடம் விற்பனையில் இருந்திருக்கும். உள்ளே இருக்கும் சரக்கு அதற்குள் மாறியிருக்கும். எந்த வருடத்துச் செட் என்று தெரியாமல் பொருள் அனுப்பினால் பொருந்தாமல் திரும்பி வரும், கூரியர் செலவு இரண்டு பக்கமும் வீண்.

யேசு (Yaesu) என்ற ஜப்பானிய ரேடியோ நிறுவனத்தின் எஃப்டி-817 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த செட்டுக்கு 9.6 வோல்ட், 1000 எம்ஏஎச் நிக்கல் காட்மியம் பேட்டரி. பிறகு வந்த என்டி வகைக்கு 1400 எம்ஏஎச் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. ஆரம்பகாலச் செட்களில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும் என்பது ஹாம்கள் (பொழுதுபோக்காக ரேடியோ இயக்குபவர்கள்) நன்கு அறிந்த சங்கதி. மாற்று போர்டு வாங்கும்போது எந்தக் காலத்துச் செட் என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

முதலில் ஸ்டிக்கரைக் கண்டுபிடியுங்கள். கையடக்கச் செட்டில் பேட்டரியைக் கழற்றினால் முதுகில் இருக்கும். வண்டியில் வைக்கும் செட்டிலும் மேசை செட்டிலும் பின்பக்கமோ அடிப்பக்கமோ பாருங்கள். பேட்டரியின் மேலேயே ஒட்டியிருக்கும் எண் பேட்டரிக்கு உரியது, அதை அனுப்பாதீர்கள்.

யேசு செட்களில் கணக்கு எளிது. முதலில் ஓர் இலக்கம், அடுத்து ஓர் ஆங்கில எழுத்து, பிறகு ஆறு இலக்கங்கள். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண். எழுத்து மாதம்: சி என்றால் ஜனவரி, டி பிப்ரவரி, இப்படியே போய் என் என்றால் டிசம்பர். எழுத்து அகரவரிசையில் எத்தனையாவதோ அதில் இரண்டைக் கழித்தால் மாதம் வந்துவிடும். அடுத்த இரண்டு இலக்கங்கள் தயாரிப்புத் தொகுதி, கடைசி நான்கும் அந்தத் தொகுதிக்குள் செட்டின் வரிசை எண். ஆக, 4, எச், 13, 0042 என்று இருந்தால் 4-இல் முடியும் ஒரு வருடத்தின் ஜூன் மாதம், 13-ஆம் தொகுதி, 42-ஆவது செட்.

இரண்டாம் இடத்தில் இருப்பது எப்போதும் எழுத்து. அங்கே 1 போலத் தெரிந்தால் அது ஐ, அதாவது ஜூலை. 0 போலத் தெரிந்தால் பெரும்பாலும் தேய்ந்துபோன டி. ஏ, பி அல்லது என்-னுக்குப் பிந்திய எழுத்து தெரிந்தால் நீங்கள் தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது அந்த ஸ்டிக்கரே சந்தேகத்துக்குரியது.

சிக்கல் எங்கே என்றால், 4 என்பது 2004-ஆ, 2014-ஆ, 2024-ஆ என்று அந்த எண் சொல்லாது. எஃப்டி-60ஆர் 2004-இல் வந்த மாடல்; நெடுங்காலம் விற்பனையில் இருந்ததால் இந்தக் குழப்பம் அதில்தான் அதிகம். பழைய செட் விற்கிறவர் தனக்குச் சாதகமான பத்தாண்டைத்தான் சொல்வார், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முதலில் மாடல் எந்த வருடம் சந்தைக்கு வந்தது என்று பாருங்கள். எஃப்டி-818 வந்தது 2018-இல். ஆகவே 8-இல் தொடங்கும் எஃப்டி-818-ஐ 2008 என்று யாரும் சொல்ல முடியாது. தொகுதி எண்ணும் துணைக்கு வரும்: மாடல் வயதாக ஆக அது பொதுவாகக் கூடிக்கொண்டே போகும்.

அதிலும் தீராவிட்டால் மூடியைக் கழற்றி, போர்டில் இருக்கும் ஐசிக்களின் (சிப்களின்) முதுகைப் படிக்க வேண்டும். பெரிய ஐசிக்களில் பாகத்தின் பெயருக்குக் கீழே நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு வாரம். 1348 என்றால் 2013-இன் 48-ஆவது வாரம், நவம்பர் கடைசி வாக்கில். கடைசி இரண்டு இலக்கம் 53-ஐத் தாண்டினால் அது தேதி அல்ல, வேறு ஏதோ குறியீடு. 4-இல் தொடங்கும் செட்டுக்குள் 1348 இருந்தால் 2004 அடிபட்டுப்போகிறது. பத்து வருடம் கிடங்கில் கிடந்த ஐசியை வைத்து 2024-இல் செட் செய்திருப்பார்கள் என்பதும் நம்பும்படி இல்லை. 2014 என்று முடிவு செய்யலாம். ஒரே ஐசியை நம்பாமல் மூன்று நான்கு பாருங்கள், அவற்றில் புதியதைக் கணக்கில் எடுங்கள். சுற்றிலும் ஃபிளக்ஸ் (சால்டர் செய்யும்போது தடவும் பசை) கறை இருந்தால் அது யாரோ பின்னால் மாற்றியது, அதை விட்டுவிடுங்கள். வாரண்டி உள்ள செட்டையும், தண்ணீர் புகாத ரப்பர் வளையம் உள்ள கையடக்கச் செட்டையும் இதற்காகத் திறக்க வேண்டாம். வளையம் சரியாக உட்காராவிட்டால் அடுத்த மழையில் செட் போய்விடும்.

செக்யூரிட்டி நிறுவனங்களும் ஓட்டல்களும் வைத்திருக்கும் மோட்டோரோலா செட்களில் பத்து எழுத்தெண்கள் இருக்கும். முதல் மூன்றும் மாடல் குறியீடு, நான்காவது தொழிற்சாலை, ஐந்தாவது வருடம், ஆறாவது மாதம், மீதி நான்கும் வரிசை எண். ஐ, ஓ என்ற இரண்டு எழுத்துகளையும் இவர்கள் பயன்படுத்துவதில்லை. வருடத்தில் 2000 ஏ, 2007 எச், 2008 ஜே, 2012 என், 2013 பி (P), 2023 இசட்; 2024-இல் மறுபடி ஏ. மாதத்துக்கு இரண்டிரண்டு எழுத்து, முன்பாதிக்கு ஒன்று, பின்பாதிக்கு ஒன்று: ஏ பி ஜனவரி, சி டி பிப்ரவரி, இ எஃப் மார்ச், ஜி எச் ஏப்ரல், ஜே கே மே, எல் எம் ஜூன், என் பி ஜூலை, க்யூ ஆர் ஆகஸ்ட், எஸ் டி செப்டம்பர், யு வி அக்டோபர், டபிள்யூ எக்ஸ் நவம்பர், ஒய் இசட் டிசம்பர். தமிழில் எழுதும்போது பி, டி, என் போன்றவை குழப்பும். ஸ்டிக்கரைப் பார்த்து ஆங்கில வரிசையில் எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்தாவது எம், ஆறாவது எக்ஸ் என்றால் 2011 நவம்பர் பின்பாதி. இங்கே சுற்று 24 வருடம் என்பதால் பத்தாண்டுக் குழப்பம் கிடையாது.

வேறொரு தொல்லை உண்டு. மேல்கூடு தனியாக மலிவாகக் கிடைக்கிறது, ஸ்டிக்கரோடு. பழைய போர்டைப் புதுக்கூட்டில் போட்டால் பார்க்கப் புத்தம்புதுச் செட். புரோகிராமிங் சாஃப்ட்வேரில் செட்டைப் படித்தால் உள்ளே பதிந்திருக்கும் சீரியல் நம்பர் தெரியும். அது ஸ்டிக்கரோடு ஒத்துப்போகாவிட்டால் கூடோ போர்டோ மாறியிருக்கிறது. மொத்தமாகப் பத்து இருபது செட் வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

ஐகாம் (Icom) என்ற இன்னொரு நிறுவனத்தின் செட்களில் சீரியல் வெறும் வரிசை எண்தான், தேதி தேடிப் பயனில்லை, ஐசி வழிதான்.

இதில் தெரிவது தயாரித்த தேதி. வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடுகிறது, ஆகவே பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். தயாரித்து ஐந்தாறு வருடம் பெட்டியிலேயே கிடந்த ‘புது’ செட் என்றால் அதோடு வரும் நிக்கல் பேட்டரியை நம்பாதீர்கள். தானாகவே சார்ஜ் இறங்கி, செல்கள் கெட்டிருக்கும். விலை பேசும்போது புதுப் பேட்டரிக்கான காசைக் கழித்துப் பேசுங்கள்.

எங்களுக்கு அனுப்பும்போது ஸ்டிக்கரை நேராக, ஃபிளாஷ் போடாமல் படம் எடுங்கள். படித்த எண்ணைக் கையாலும் எழுதி அனுப்புங்கள். விற்பனை விளம்பரத்தில் போடுவதானால் கடைசி நான்கு இலக்கத்தை மறைத்துவிடுங்கள். வயது பார்க்க முன்பகுதியே போதும். முழு எண்ணும் வெளியே போனால் உங்கள் செட்டைத் தன்னுடையது என்று வேறொருவர் உரிமை கோர இடம் கொடுக்கிறீர்கள்.

இப்படிக்கு,
கடையின் பழுதுபார்ப்புப் பிரிவு