நீலகேசியாக சாய் பல்லவி

ஆசிரியருக்கு வணக்கம்.

மலையாளத்தில் 'லோகா' என்ற சூப்பர் ஹீரோயின் படம் வந்து பெரிய வெற்றி பெற்றதிலிருந்து, தமிழில் யார் சூப்பர் ஹீரோயினாக நடிக்கலாம் என்று ரசிகர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நடிகை யார், உடை எப்படி, எந்த இயக்குநர் என்று எல்லாம் பேசியாகிவிட்டது, கதை என்ன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கதை நம்மிடமே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். என் தேர்வு சாய் பல்லவி. வேடம், ஒரு பழைய தமிழ்க் காப்பியத்தின் நாயகி நீலகேசி.

2025 ஆகஸ்டில் வந்த அந்தப் படத்தில் கல்யாணி பிரியதர்ஷன் செய்த பாத்திரம் கள்ளியங்காட்டு நீலி என்ற பேயின் கதையிலிருந்து எடுத்தது. அந்த நீலி கேரளத்துக்கு மட்டும் சொந்தமானவள் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் அவள் கதையை வில்லுப்பாட்டில் பாடியிருக்கிறார்கள், முப்பந்தலில் இசக்கியம்மனாக இருப்பவளும் அவள்தான் என்று மக்கள் நம்புகிறார்கள். அப்புறம் வடக்கே திருவள்ளூர் மாவட்டத்தில், திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நீலி, பழையனூர் நீலி. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் மறுபிறவியில் வணிகனாக வரும்போது, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்' என்று ஊர்ச் சபையில் முறையிடுகிறாள். அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்கள், மறுநாள் அவன் செத்துக் கிடப்பதைப் பார்த்துத் தீயில் இறங்கினார்கள் என்று கதை முடிகிறது. ஞானசம்பந்தர் தன் தேவாரப் பாட்டிலேயே இந்தக் கதையைத் தொட்டிருக்கிறார், அவ்வளவு பழையது. நீலிக் கண்ணீர் என்று நாம் இன்றும் யாரையாவது திட்டும்போது, அவளைக் கொன்றவனை யாரும் நினைப்பதில்லை. படத்தின் முதல் அரை மணி நேரத்துக்கு இது போதும்.

ஆனால் எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு வருவது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான 'நீலகேசி' இந்தப் பேயை எடுத்துக்கொண்டு வேறு எங்கோ போய்விடுகிறது. காளி கோயிலில் உயிர்ப்பலியை நிறுத்திய முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை விரட்ட நீலி வருகிறாள். பயமுறுத்துகிறாள், அவர் அசையவில்லை. இளவரசி போல வடிவெடுத்து மயக்கப் பார்க்கிறாள், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அவருடைய அறத்தை ஏற்றுக்கொண்டு, உயிர்க்கொலை கூடாது என்று சொல்லும் பெண்ணாக மாறி, புறப்பட்டுப் போய் ஒவ்வொரு சமயத்து ஆசிரியர்களோடும் வாதம் செய்கிறாள். பௌத்தத் துறவி குண்டலகேசியில் தொடங்கி மொக்கலன், புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, ஐம்பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி என்று வரிசையாக. பத்துச் சருக்கங்களில் முதல் ஒன்றைத் தவிர மீதி எல்லாமே வாதம். பழிவாங்கும் பேயாக இருந்த ஒரு பெண் தர்க்கத்தால் ஜெயித்துக்கொண்டே போகிறாள் என்று நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் தமிழில் எழுதி வைத்திருக்கிறார், எழுதியவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. சமணர்கள் தங்கள் சமயத்தை நிலைநாட்ட எழுதிய நூல் என்பது உண்மைதான், அதனால் படமாக்கும்போது எதிராளிகளை முட்டாள்களாகக் காட்டிவிடாமல் கவனமாக இருக்க வேண்டும்.

இப்படி ஒரு பாத்திரத்துக்குப் பறந்து பறந்து அடிக்கத் தெரிந்தவர் வேண்டியதில்லை. பேசத் தெரிந்தவர் வேண்டும், ஆடத் தெரிந்தவர் வேண்டும். ஆடுவது ஏன் என்றால், திருவாலங்காடு காளியும் சிவனும் போட்டி போட்டு ஆடியதாகச் சொல்லப்படும் ஊர், சிவன் ஆடிய ஐந்து சபைகளில் ஒன்றான ரத்தின சபை. பேய்கள் ஆடும் சுடுகாட்டைக் காரைக்காலம்மையார் பாடிய ஊரும் அதுதான். அந்த ஊர் நீலிக்கு உடம்பே ஆயுதமாக இருக்க வேண்டும், அதை சாய் பல்லவியைவிட இயல்பாகச் செய்யக்கூடியவர் இன்றைக்கு யார் இருக்கிறார்? 'ரவுடி பேபி' பாட்டை எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்பதை விடுங்கள், அதில் அவர் உடம்பு ஒவ்வொரு தாளத்துக்கும் எப்படி முன்னால் போய் நிற்கிறது என்று பாருங்கள். பேச்சுக்கு 2022இல் வந்த 'கார்கி' இருக்கிறது. அதில் அவர் கத்தி அழும் காட்சிகளைவிட, ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் இடங்கள்தான் என்னை உலுக்கின. நீலகேசி ஒவ்வொரு சபையிலும் அப்படித்தான் நின்றிருப்பாள்.

சாந்தமான முகம், பேய் வேடம் எடுபடாது என்று சிலர் சொல்கிறார்கள். அந்தச் சாந்தம்தானே வேண்டும்! ஊர்ச் சபையில் குழந்தையோடு நிற்கும் நீலியை எழுபது பேரும் நம்ப வேண்டும், படம் பார்க்கும் நாமும் நம்ப வேண்டும். இந்தியில் ராமாயணத்தில் சீதையாக நடிக்கிறார், இப்போது இது எதற்கு என்பது இன்னொரு பேச்சு. சீதையைச் செய்பவர் நீலியையும் செய்தால்தான் ஒரு நடிகையின் முழு வீச்சு நமக்குத் தெரியும். நடிகர்கள் சாமியாகவும் அசுரனாகவும் மாறி மாறி நடித்தபோது யாரும் இப்படிக் கேட்டதில்லை.

குண்டலகேசிக்கு நித்யா மேனன். 'திருச்சிற்றம்பலம்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கியவர் என்பதற்காகச் சொல்லவில்லை, எதிரில் இருப்பவர் பேசும்போது கேட்டுக்கொண்டே நடிக்கத் தெரிந்தவர். குண்டலகேசியும் சாதாரணப் பெண் இல்லை, தன்னை மலையிலிருந்து தள்ளப் பார்த்த கணவனைத் தானே தள்ளிவிட்டுப் பிறகு பௌத்தத் துறவியானவள். கணவனால் கொல்லப்பட்டவளும், அப்படிச் சாகாமல் தப்பியவளும் ஒரு சபையில் எதிரெதிரே உட்கார்ந்து உயிர் என்றால் என்ன என்று வாதம் செய்கிறார்கள். இதைவிடப் பெரிய சண்டைக் காட்சியை யார் எழுதிவிட முடியும்?

படம் எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தெலுங்கில் 'ஃபிதா'வுக்குத் தெலங்கானா வழக்கில் தானே டப்பிங் பேசியவர் சாய் பல்லவி, தமிழ் அவர் வளர்ந்த மொழி. வசனத்தைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள், வாதக் காட்சிகள் நீளம் என்று எடிட்டிங்கில் கை வைக்காதீர்கள். இரண்டு பெண்கள் பத்து நிமிடம் பேசினால் ரசிகர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று பயப்பட வேண்டாம், பட்டிமன்றத்தை விடிய விடிய உட்கார்ந்து கேட்டவர்கள் நாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி