மாப்ளேக்கு ஒரு விளக்குக் கணக்கு

உச்சிப்புளி
மே மாதம்

அன்புள்ள மாப்ளே,

நலம். கோயம்புத்தூரில் மழை என்று எழுதியிருந்தாய், இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருப்பதால் மண்டபத்தில் விசைப்படகெல்லாம் கரையில்தான் கிடக்கின்றன. நாட்டுப் படகுக்காரர்கள் கொண்டு வரும் மீன் என்ன விலை விற்கும் என்று உனக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேசுவரம் வரை மறுபடி ரயில் ஓடுகிறது. அத்தையைக் கூட்டிக்கொண்டு ரயிலிலேயே வா. காரில் அவ்வளவு தூரம் அவர்களை உட்கார வைக்காதே.

சரி, இங்கே நீ குடிவரப் போகும் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். விளக்கு வேலைக்கு உன் ஆள் போட்டு, நீ அனுப்பிய கொட்டேஷனை எடுத்துக்கொண்டு போய் ஹாலை அளந்தேன். பன்னிரண்டுக்குப் பதினாறு, 192 சதுர அடி. அதில் முழுக்கத் தளத்துக்குக் கீழே ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, கீழ்நோக்கி எரியும் பதினைந்து வாட் டவுன்லைட் பதினாறு பதிக்கப் போகிறார்களாம். ஹாலில் நகைக்கடையா வைக்கப் போகிறாய்? எல்லாம் எரிந்தால் 240 வாட். தினம் ஐந்து மணி நேரம் என்றாலும் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் முக்கால்வாசி ஹால் விளக்குக்கே போய்விடும். நல்ல எல்இடியில் ஒரு வாட்டுக்குத் தொண்ணூறு, நூறு லூமென் வெளிச்சம் வருகிறது. இந்த அளவு ஹாலுக்குப் பன்னிரண்டு வாட்டில் ஆறு விளக்கு தாராளம்.

பணம் அதிகம் தின்பது விளக்கு இல்லை, சீலிங்தான். உன் ஆள் போட்டிருக்கும் விலையையே வைத்துப் பார்: சதுர அடி 90 என்றால் சீலிங் 17,280, விளக்கு ஒன்று 450 என்று 7,200, விளக்கு மாட்டும் பாயிண்ட் ஒன்றுக்கு 350 கூலி என்று 5,600. மொத்தம் 30,080. என் யோசனை, நடுவை விட்டுவிட்டு நாலு சுவர் ஓரமும் இரண்டடி அகலத்துக்கு மட்டும் சீலிங்கை இறக்கு. பரப்பு சரிபாதியாகி 96 சதுர அடிதான் வரும், 8,640. உள் விளிம்பை ரன்னிங் அடியில், அதாவது நீளக் கணக்கில், தனியாகக் கேட்பார்கள். நாற்பது அடி இருக்கிறது, விசாரித்ததில் அடிக்கு 60 என்றார்கள், அது ஒரு 2,400. ஆறு விளக்கோடு மாற்று விளக்கு இரண்டையும் சேர்த்து எட்டு வாங்கினால் 3,600, ஆறு பாயிண்டுக்குக் கூலி 2,100. ஆகமொத்தம் 16,740.

ஓரத்தில் மட்டும் இறக்குவதால் ஃபேனைத் தொட வேண்டியதில்லை, அது பழைய கொக்கியிலேயே இருக்கும். இறக்கைக்கு மேலே பக்கத்தில் விளக்கு வந்தால் நிழல் வெட்டி வெட்டி அடிக்கும், அரை மணி நேரம் உட்கார முடியாது. அதனால் நீளச் சுவருக்கு மூன்றாக, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பதிக்கச் சொல். அத்தை கட்டில் தெற்குச் சுவர் ஓரம்தானே? அங்கே நேர் தலைக்கு மேல் பாயிண்ட் வேண்டாம். மல்லாந்து படுத்திருப்பவர்களுக்கு டவுன்லைட் போல எரிச்சல் தருவது வேறில்லை. கால்மாட்டுப் பக்கம் நகர்த்தி, தனி சுவிட்ச் கொடு. ஆறையும் ஒரே சுவிட்சில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், கவனம்.

படுக்கையறையில் சீலிங் இல்லாமலே மேல் தளத்தை அடியிலிருந்து கொத்தி விளக்கைப் பதித்துவிடலாம் என்று அந்த ஆள் என்னிடமும் சொன்னார். சம்மதிக்காதே. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டே கொஞ்சம்தான். அதையும் கொத்திவிட்டால் உப்புக் காற்று உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து உப்பும், நாலைந்து வருஷத்தில் காரை பெயர்ந்து விழும். கான்கிரீட் போடும்போதே பெட்டி வைத்திருந்தால் சரி, இப்போது காலம் கடந்துவிட்டது. அறைகளில் தளத்துக்கு வெளியே ஒட்டும் சர்ஃபேஸ் லைட் போதும். சமையலறையிலும் நடுவில் பதித்தால் தங்கச்சி நிழல் காய் நறுக்கும் மேடையில்தான் விழும். மேல் அலமாரிக்கு அடியில் ஒரு பட்டை விளக்கு மலிவு, வேலைக்கும் ஆகும்.

விளக்கை வாங்கும்போது பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கைப் பார். இங்கே முதலில் போவது அதுதான். துருப்பிடித்து ஒடிந்தால் விளக்கு வயரில் தொங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங், பிளாஸ்டிக் உடம்பு, விளக்குக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் தனியாக இருக்கும் மாடல் என்று கேள். டிரைவர் போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சீலிங்கைத் தாங்கும் இரும்புப் பட்டைகளில் வெட்டிய முனைக்கெல்லாம் துரு தடுக்கும் பெயிண்ட் அடிக்கச் சொல். பழைய பாம்பன் பாலத்துக்குப் பெயிண்ட் அடித்து மாளாத ஊர் இது. அப்புறம், கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் இருந்து என்ன, காற்று பலமாக அடித்தால் நம் தெருவில் கரண்ட் போய்ப் போய்த்தான் வருகிறது. வரும்போது ஒரு உதை உதைத்துக்கொண்டு வரும். மிச்சமாகும் பதிமூவாயிரத்தில் மெயின் போர்டில் அந்த உதையைத் தாங்கும் சர்ஜ் புரொடெக்டரும், கரண்ட் கசிந்தால் உடனே வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டுவிடு. வயர் காப்பரில், ஐஎஸ்ஐ முத்திரையுடன், விளக்குக்கு 1.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் கனம்.

இதற்கெல்லாம் முன்னால் மொட்டை மாடியைக் கவனிக்க வேண்டும். வடமேற்கு மூலையில் தளத்துக்கு அடியில் ஈரக்கறை தெரிகிறது. ஜிப்சம் நனைந்தால் தொப்பையாகித் தொங்கிவிடும். மாடியில் தண்ணீர் கட்டி, கசிகிறதா என்று இரண்டு நாள் வைத்துப் பார்த்து, தளவோட்டு இடுக்கை அடைத்த பிறகுதான் சீலிங்காரரைக் கூப்பிட வேண்டும். ஐப்பசி மழையையும் ஒரு முறை பார்த்துவிட்டு ஆரம்பித்தால் இன்னும் நிம்மதி. நீ தைக்குள் குடிவர வேண்டும் என்று நிற்பாய், அதனால் வற்புறுத்தவில்லை. வயரை மட்டும் இப்போதே இழுத்து வைத்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் கட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. விளக்கு நிறத்தில் தங்கச்சிக்குப் பளிச்சென்ற வெள்ளை 6500 கெல்வின் வேண்டும், உனக்கு மஞ்சள் 3000 வேண்டும் என்று எழுதியிருந்தாய். நடுவில் 4000 இருக்கிறது, இரண்டு பேரும் பேசி முடிவைச் சொல்லுங்கள். எட்டையும் ஒரே பெட்டியிலிருந்து வாங்க வேண்டும், பிறகு வாங்கினால் நிறம் ஒத்துப் போகாது.

உன் மச்சான்