படத்தின் பின்னால் நின்ற கிளிநொச்சி: ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஐயாமார், அம்மாமார், அக்கா, அண்ணை, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும்,

வணக்கம். உங்கள் வீட்டுப் படங்களின் பின்னணியில் பழைய கிளிநொச்சியைத் தேடி, பொதுநோக்கு மண்டபத்தில் மூன்று நாள் தொங்கவிட்டிருந்த பழைய படங்களை நேற்றுப் பின்னேரம் கழற்றிவிட்டோம். நூற்றுச் சொச்சப் படங்கள். ஒன்றும் தொலையவில்லை, ஒன்றிலும் தேத்தண்ணி சிந்தவில்லை. உங்கள் எல்லாருடைய பெயரையும் போட்டு எழுதத்தான் இருந்தேன். பாதிப்பேர் "என்ரை பேர் வேண்டாம் தம்பி" என்றீர்கள். சரி, ஊரையும் உறவையும் சொல்லி நன்றி சொல்கிறேன். ஆளுக்கு ஆள் விளங்கிக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சியில் பழைய படம் தேடுகிறேன் என்று தொடங்கியபோது நிறையப் பேர் சிரித்தார்கள். சிரிப்பில் நியாயம் இருந்தது. 1996இல் ஒருமுறை, 2008இல் மறுமுறை போரால் ஊரே எழும்பி நடந்தது. அல்பத்தை உரப்பையில் போட்டுக் கட்டி, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இறக்கி இறக்கி ஏற்றி, கடைசியில் மாத்தளன் கடற்கரை மணலில் விட்டுவிட்டு வந்தவர்களிடம் போய் "படம் இருக்கா?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? கனகபுரத்து அம்மா ஒருவர் ஒன்றும் பேசாமல் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். அவரிடம் இருந்த பழைய படம் அது ஒன்றுதான்.

பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. போரால் மூடிக்கிடந்த, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது. அந்த நான்கு வருடத்துக்குள் வன்னியை விட்டு வெளியே போன படங்கள் தப்பிவிட்டன. கலியாணம் பேச யாழ்ப்பாணம் போனவை, பேரப்பிள்ளைக்குக் காட்ட பரிஸ் போனவை, ஸ்பொன்சர் அலுவலுக்கென்று முழு அல்பமாகவே கனடா போனவை. எங்கள் ஊரின் படங்கள் எங்கள் ஊரைத் தவிர எல்லா இடத்திலும் இருந்தன.

ஆகவே முதல் நன்றி ரொறன்ரோ அக்காவுக்கு. உங்கள் சாமத்திய வீட்டுப் படத்தை அனுப்பும்போது, "என்ரை மூஞ்சையைப் பார்த்துச் சிரிக்காதையும்" என்று எழுதியிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால், அக்கா, உங்கள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவேயில்லை. உங்கள் இடது தோளுக்கு மேலாக, கிடுகு வேலிக்கு அப்பால், ஒரு புகைபோக்கி நின்றது. அதன் அடியில் வெள்ளையாக ஒரு கோடு. அரிசி மில் ஒன்று அந்தப் பக்கம் இருந்ததாக மூத்தவர்கள் சொல்வார்கள். எந்த இடம் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள்.

சடங்கு காலையில் நடந்தது என்று அக்காவுக்கு நினைவிருந்தது. நிழல் விழுந்த பக்கத்தை வைத்து, படம் எடுத்தவர் எந்தத் திசையைப் பார்த்து நின்றிருப்பார் என்று கணக்குப் பார்த்தோம். அக்காவின் பழைய வளவில் இப்போது வேறு வீடு. அந்த வீட்டு அண்ணை, முன்பின் தெரியாத என்னை, தன் கிணற்றுக் கட்டில் ஏறி நின்று பார்க்க விட்டார். அவருக்கும் நன்றி. நேரே பார்த்தால் இரண்டு வளவு தள்ளி ஒரு மாட்டுக் கொட்டில். மாட்டை அவிழ்த்துவிட்டு, எருவையும் வைக்கோலையும் வழித்துப் பார்த்தால் சீமெந்துத் தளம்; படத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது இதுதான். ஒரு பக்கமாக மெல்லச் சரிந்து, கரையில் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால்.

மில்லில் வேலை செய்த உருத்திரபுரத்து ஐயாவைக் கூட்டிவந்தோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தில் நடந்தார். அவித்த நெல்லைப் பரப்பி, காலால் வரி வரியாகத் துழாவி விடுவார்களாம்; அரை மணிக்கொருக்கால் குறுக்கு வரி. "இஞ்சை பார்" என்று குனிந்து தடவிக் காட்டினார். கரையெல்லாம் சொரசொரப்பு. நடுவில் மட்டும் கையில் வழுக்குகிற மினுக்கம். எத்தனை பேரின் குதிக்கால் தேய்த்த மினுக்கமோ! மாட்டுக்காரத் தங்கச்சி அன்றிலிருந்து அந்த நடுப்பகுதியில் மாடு கட்டுவதில்லை என்று கேள்விப்பட்டேன். நான் அப்படிக் கேட்கவில்லை, அம்மா. மாட்டைத் தாராளமாகக் கட்டுங்கள்.

அடுத்தது, என் மானத்தைக் காப்பாற்றிய பரந்தன் ஐயாவுக்கு. கடைகளும் சிவப்பு பஸ்ஸும் உள்ள ஒரு சந்திப் படத்துக்குக் கீழே "கரடிப்போக்குச் சந்தி" என்று எழுதி, பெரிதாக அச்சடித்தும் விட்டேன். ஐயா முதல்நாள் காலையே வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்து, "தம்பி, இது எங்கடை சந்தி" என்றார். முல்லைத்தீவு வீதி பிரிகிற வளைவையும், இரசாயனத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளோடு நிற்பதையும் காட்டினார். யானையிறவு உப்பிலிருந்து கொஸ்டிக் சோடாவும் குளோரீனும் எடுத்த தொழிற்சாலை அது. இன்றைக்குப் பாழடைந்து கிடக்கிறது. பஸ்ஸைப் பற்றியும் அவர்தான் சொல்லித் தந்தார். இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கியது 1958 ஜனவரியில், ஆகவே இ.போ.ச. என்று எழுதிய பஸ் நின்றால் படம் அதற்குப் பிந்தியது. அதே வருடம் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் போட்ட பஸ்கள் வடக்குக்கு வர, எழுத்தை அழித்துப் போராடிய கதையையும் சொன்னார். கதை ஒரு மணித்தியாலம் போனது. வரிசையில் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டதற்கும் நன்றி.

ஸ்ரூடியோ வைத்திருக்கும் தம்பியை மறக்க முடியாது. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஈரம் பட்டு ஒட்டிப்போன படங்களை நான் உரிக்கப் போனேன். ஒன்றில் மணமகனின் காது கண்ணாடியோடே போய்விட்டது. (அந்தக் குடும்பத்திடம் நேரில் மன்னிப்புக் கேட்டாயிற்று.) தம்பி என் கையைத் தட்டிவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே 600 டிபிஐயில் ஸ்கான் பண்ணினார். பசை அல்பத்தில் ஒட்டிக்கிடந்தவற்றை, பல்லிடுக்கு நூலை ஓரத்தால் விட்டு, அரிவாளால் புல் அறுப்பதுபோல மெல்ல அறுத்து எடுத்தார். காசு எவ்வளவு என்று நான் கேட்டதுக்குக் கோபித்தார். காசு வேண்டாமென்று கோபிக்கிற ஒரே ஸ்ரூடியோக்காரர் அவராகத்தான் இருக்கும். இதற்கு எதிர்மாறாக, ஓர் அலுவலகத்தில் பிரதி எடுக்கக் கொடுத்த மூன்று படங்கள் இன்னும் திரும்பவில்லை. "தேடுகிறோம்" என்கிறார்கள். தேடட்டும்.

கண்ணிவெடி அகற்றும் வேலை செய்யும் தங்கச்சிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பொடியன் மதகுக் கட்டில் இருக்கிற படம் உங்களுக்கு நினைவிருக்கும். ஏ9ஐ அகலமாக்கி, உயர்த்திப் போட்டபிறகு அந்த மதகு பற்றைக்குள் போய்விட்டது. எட்டிப் பார்த்தால் கல் வளைவு தெரிந்தது, ஆசையில் கால் வைக்கப் போனேன். "அண்ணா, அந்தப் பக்கம் நாங்கள் இன்னும் பார்க்கவில்லை" என்று பின்னால் ஒரு குரல். ஐந்து மாதம் பொறுக்கச் சொன்னார். பொறுத்தேன். பிறகு அவரே முன்னால் நடந்து கூட்டிப்போனார். வளைவின் சுண்ணாம்புப் பூச்சு இன்னும் உதிரவில்லை. உள்ளே ஒரு உடும்பு.

பழைய பாடசாலை மலர்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் நூலகம் நிறுவனத்தாருக்கும், இரவிரவாக அவற்றைப் புரட்டிய என் மருமகளுக்கும் நன்றி. யாழ்ப்பாணத்தில் நிலமில்லாமலும் வேலையில்லாமலும் இருந்தவர்களைக் கொண்டுவந்து 1936இல் குடியேற்றிய ஊர் இது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அப்படி வந்தவர்களின் பிள்ளைகள் மண்டபத்தில் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று சண்டை பிடித்ததைக் கேட்டபோதுதான் அது என் தலைக்குள் இறங்கியது. சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் படம் எடுக்காத பயணி இல்லை. அது நிமிர்ந்து நிற்கிற படம் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் ஒரு செத்தவீட்டுப் படத்தின் மூலையில். அதைத் தந்த குடும்பத்தின் மனது பெரியது.

கடைசியாக, ரெயில்வே மேடைப் படம். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் விரித்த குடையோடு நிற்கிறார். ரெயில் 1990இல் நின்று, 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது. இது நிற்பதற்கு முந்திய காலத்துப் படம் என்பது தெளிவு. பெயர்ப்பலகையைக் குடை மறைத்துவிட்டது, தெரிவது ஒரு 'ப' மட்டும். பரந்தனா, பளையா? ஆங்கிலமும் கைகொடுக்கவில்லை, சிங்களமும் கைகொடுக்கவில்லை, இரண்டு ஊருக்கும் முதலெழுத்து ஒன்றுதான். பின்னால் தெரிவது தென்னை, ஆகவே பளை என்று பளையார். அது தென்னையே இல்லை, பனை என்று பரந்தன் ஐயா. மூன்றாம் நாள் மண்டபத்தைப் பூட்டும்போதும் இரண்டு பகுதியும் படியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படம் இப்போது என் மேசையில் இருக்கிறது. குடைக்காரரை யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லுங்கள், தேத்தண்ணி என் செலவு.

அன்புடன்,
படங்களைத் திருப்பித் தர உங்கள் படலைக்கு வரப்போகிறவன்
கிளிநொச்சி