முயல் உணவுப் பையின் தமிழ் ஸ்டிக்கர் பற்றிய முறைப்பாடு

கொழும்பு 06

முகாமையாளர்,
வாடிக்கையாளர் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

நீங்கள் இறக்குமதி செய்து விற்கும் இரண்டு கிலோ முயல் உணவுப் பை ஒன்றை ஜூன் மாதம் உங்கள் கடையில் 5,900 ரூபாய்க்கு வாங்கினேன். விலையைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை, வெளிநாட்டுச் சாமான் இப்போது அப்படித்தான். பையின் பின்பக்கம் நீங்கள் ஒட்டியிருக்கும் தமிழ் ஸ்டிக்கரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அதில் மூன்றே வரிகள்: "முயல்களுக்கான முழுமையான உணவு. விரும்பிய அளவு கொடுக்கவும். கூட்டில் வைக்கோல் பரப்பவும்."

எங்கள் முயலின் பெயர் புட்டு. இரண்டு வயது, எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதுவரை கங்குன், வல்லாரை, கீழே வளவில் பிடுங்கும் புல் என்று தின்றுகொண்டிருந்தது. "முழுமையான உணவு" என்று நீங்களே எழுதியிருந்ததால் புல்லை நிறுத்திவிட்டோம். மகள் கிண்ணம் காலியாக விடமாட்டாள். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு வைக்கோலும் தேடிப்பிடித்துப் பரப்பினோம். அது என்ன பாடு என்று தேடியவர்களுக்குத்தான் தெரியும்.

சில வாரங்களில் கடலை அளவில் இருந்த புழுக்கை மிளகு அளவுக்குச் சிறுத்தது. அப்புறம் ஒரு வியாழன் இரவு, உயிரையே விடும் கொத்தமல்லித் தழையைக்கூட புட்டு மோந்து பார்க்கவில்லை. மூலையில் கூனிக்கொண்டு இருந்தது. கிட்டப் போனால் பல்லை நறநறவென்று அரைக்கும் சத்தம். வலியில் அப்படிச் செய்யுமாம், அது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

காலையில் பையில் இருந்த உங்கள் உதவி இலக்கத்துக்கு அழைத்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "வயிற்றுக் கிருமியாக இருக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அமொக்சிசிலின் சிரப் இருந்தால் ஒரு மில்லி கொடுங்கள்" என்றார். மகளுக்கு வாங்கியதில் மிச்சம் பிரிஜ்ஜில் இருந்தது. சிரிஞ்சில் எடுத்தும் விட்டேன். புட்டு வாயைத் திறக்க மறுத்ததால்தான் ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் ஓடினேன்.

கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முயலுக்குச் சமிபாட்டில் ஒரு பங்கு நடப்பது குடலில் வாழும் நல்ல பக்டீரியாவால். அமொக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்து வாய்வழியாகப் போனால் அவை செத்து, நஞ்சு சுரக்கும் பக்டீரியா பெருகி, சில நாட்களில் உயிரே போகலாம். தேவைப்பட்டால் வைத்தியர் ஊசியாகப் போடுவது வேறு கதை. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ளே போனது போனதுதான். புட்டுவுக்குக் கிருமி ஒன்றும் இல்லை. நார்ச்சத்துப் போதாமல் குடல் அசைவு நின்றுபோயிருந்தது. அரை நாளுக்கு மேல் முயல் தின்னாமல் இருந்தாலே அவசரம் என்றார். தோலுக்கடியில் சேலைன் ஏற்றி, வலிக்கு மெலொக்சிகாம் கொடுத்து, குடலை அசைக்க வேறொரு மருந்தும் தந்தார். நான்கு நாட்கள் சில மணிக்கொருதரம் கரைத்த உணவைச் சிரிஞ்சால் ஊட்டினோம், இரவிலும்தான்.

வைத்தியர் பையை வாங்கிப் பார்த்து, "ஸ்டிக்கருக்குக் கீழே என்ன இருக்கிறது?" என்று கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றிரவு தலைமுடி காயவைக்கும் மெஷினால் சூடு காட்டி உரித்தேன். பசை நூல் நூலாக இழுபட்டு வந்தது. கீழே உற்பத்தியாளரின் ஆங்கில எழுத்து அப்படியே இருந்தது. இது துணை உணவு மட்டும். முயலின் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். எந்நேரமும் உலர்ந்த புல் தின்னக் கிடைக்க வேண்டும்.

சரி, துணை எப்படி முழுமை ஆனது? உலர்ந்த புல் எப்படி வைக்கோல் ஆனது? வைக்கோல் என்றால் நெல் அறுத்தபின் மிஞ்சும் தாள் என்று தமிழ் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்களே. தின்னக் கொடுக்க வேண்டியதைக் கீழே பரப்பச் சொல்லியிருக்கிறீர்கள். தமிழில் எழுதியது நல்ல விஷயம், ஆனால் எழுதியதை ஒரு தமிழரிடம் காட்டியிருக்கலாம். மூலத்தை மறைக்காமலாவது ஒட்டியிருக்கலாம்.

இரண்டு தடவை வைத்தியரிடம் போனதற்கும் மருந்துக்குமாக 14,300 ரூபாய் செலவு. அதையும் பையின் விலையையும் திருப்பித் தரவேண்டும். பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை இணைத்துள்ளேன். ஆனால் காசை விட எனக்கு முக்கியம், கடைகளில் இப்போது இருக்கும் பைகளில் அந்த ஸ்டிக்கரை மாற்றுவதும், ஏற்கெனவே வாங்கியவர்களுக்குக் கடையில் எழுதி ஒட்டி அறிவிப்பதும். உதவி இலக்கத்தில் இருப்பவர்கள் மருந்துப் பெயர் சொல்வதையும் இன்றோடு நிறுத்துங்கள். "வைத்தியரிடம் கொண்டு போங்கள்" என்று சொன்னால் போதும்.

பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன். உரித்த ஸ்டிக்கரை ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் யாராவது வந்தால் காட்டுகிறேன்.

புட்டு இப்போது கினிப் புல் தின்கிறது. ஓட்டோக்காரத் தம்பி வாரம் ஒரு கட்டு கொண்டுவந்து தருகிறார், பல்கனியில் காயவைக்கிறோம். புழுக்கை மறுபடி கடலை அளவுக்கு வந்திருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை.