ஞாயிறு காலை வீடு வீடாகக் கணக்கெடுப்பு

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு நம் ஊரில் கணக்கெடுப்பு தொடங்குகிறோம். கடலும் வெயிலும் மாறிவருவதால் எந்த வீட்டுக்கு எவ்வளவு பாதிப்பு என்று பார்ப்பதுதான் வேலை.

வீடு அலைக்கு எவ்வளவு பக்கம் என்பது மட்டும் போதாது. புயல் எச்சரிக்கையால் பத்து நாள் கடலுக்குப் போக முடியாவிட்டால், வல்லம் என்ற மீன்பிடிப் படகு வைத்திருப்பவருக்கும் கடல்பாசி எடுக்கும் அக்காவுக்கும் ஒரே அடி இல்லை. கிணறு எந்த வருஷம் உப்பானது, குடம் தண்ணீருக்கு என்ன செலவு, கடன் எவ்வளவு, எச்சரிக்கை முதலில் யார் போனுக்கு வருகிறது, எல்லாம் கேளுங்கள். ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். தண்ணீர்க் கணக்கு பெண்களிடம்தான் இருக்கிறது.

பெரியவர்களிடம் நிதானமாக உட்காருங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அன்று கரை எங்கே இருந்தது என்று அவர்களால்தான் கைகாட்ட முடியும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016இல் கடல் சூடாகிப் பவளப்பாறை வெளுத்தபோது மீன்பாடு எப்படி இருந்தது என்று சங்கு குளிப்பவர்களிடமும் கேட்போம்.

யார் கடனையும் இந்தக் குழுவில் போட வேண்டாம், தாளில் மட்டும். அப்புறம், தொப்பியும் தண்ணீரும் கொண்டு வாருங்கள். வருகிறவர்கள் சனி இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.